கொறங்காடும் ஆட்டு மந்தையும்



காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி முதலிய ஊர்ப்புறங்களிற் பிறந்தவர்க்குக் கொறங்காடு இன்னதென்று விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் நம் இளைஞருட் பலர் தொழில் நிமித்தம் நகரங்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனராதலின், அவர்கள் பொருட்டுச் சில சொற்கள் கூறி மேற்செல்கின்றேன்.

கொறங்காடாவது, மழை குறைந்த செம்மண் சரளை நிலத்தை நாற்புறமும் முட்கிளுவை வேலியால் வளைத்து, உள்ளே கொழுக்கட்டைப்புல்லை வளரவிட்டு, இடையிடையே வெள்வேல மரங்களை நிறுத்தி, ஆடுமாடுகளுக்கென்றே ஒதுக்கிய மேய்ச்சல் நிலமாம். அஃது ஊர்ப் பொதுப் புறம்போக்கு அன்று. குடியானவனுடைய சொந்தப் பட்டா நிலம். காடு என்று பெயர் பெற்றிருப்பினும் வனமும் அன்று. புன்செய் நிலத்தைக் காடு என்பது கொங்கு வழக்கு என்க.

இக்காடுகள் நம் கண்ணெதிரே ஒவ்வொன்றாய்க் கெட்டு வருகின்றன. கெட்ட காட்டைக் காண்போர், "ஆட்டை விட்டால் காடு உருப்படுமா?" என்று ஆட்டின்மேற் பழி சுமத்துகின்றனர். அப்பழி உண்மையா, அன்றி ஆட்டை விட்ட மனிதனிடத்திலேயே குற்றம் உளதா என்பதை வரலாறு கொண்டும் அநுபவம் கொண்டும் ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கம். ஈண்டு ஆடு என்றது செம்மறியாட்டையே.

முதற்கண் பழைய சாசனங்களைப் பார்ப்போம். சோழர் காலத்தில் கோயில்களில் நந்தா விளக்கு எரித்தற்குப் பொன்னை மட்டுமன்றி ஆட்டையும் நிவந்தமாக விடுதல் வழக்கம். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது பெருவழக்கு. முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களிலும் இக்கணக்கைக் காணலாம். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாடோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளந்து வருதல் வேண்டும். இவ்வாறு விடப்பட்ட ஆடுகளைச் "சாவா மூவாப் பேராடு" என்று சாசனங்கள் கூறும். ஆடு சாவாதோ, மூப்படையாதோ என்று நகைத்தலாகாது. கிழடு கழியுந்தோறும் குட்டி வந்து அவ்விடத்தை நிரப்புமாதலின், மந்தையின் தொகை என்றும் 96 ஆகவே நிற்கும். தனி ஆடு சாகும், மந்தை சாவாது. வட்டியை உண்டு முதலைக் காக்கும் பொருளாதார நெறியை நம் முன்னோர் இத்தொடரில் அடக்கி வைத்தனர்.

ஆனால் கல்லில் எழுதாமல் விட்ட நிபந்தனை ஒன்று உண்டு. மந்தை சாவாதிருக்க வேண்டுமாயின், அம்மந்தை மேயும் புல்லும் சாவாதிருத்தல் வேண்டும். புல்லுக்கும் முதல் உண்டு, வட்டி உண்டு. வேரும் தூரும் முதல். இலையும் தாளும் வட்டி. வட்டியளவே மேய்ந்தால் புல் என்றும் நிற்கும். முதலிற் கைவைத்தால் ஆடும் அழியும், காடும் அழியும். இந்நெறியை நிலத்தின்மேற் செய்து காட்டியதே கொறங்காடு ஆகும்.

நிற்க. கொங்கு நாட்டின் இப்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழையே பெய்யும். அதிற் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. ஆனி ஆடியிலோ பாலக்காட்டுக் கணவாய் வழியே வறண்ட காற்று வீசி மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். இத்தகைய நிலத்தில் ஆண்டுதோறும் உழுது விதைப்பது சூதாட்டத்தை ஒக்கும். கொழுக்கட்டைப்புல்லோ வறட்சிக்கு அஞ்சாதது. காய்ந்து கருகியதுபோல் தோன்றினும் ஒரு மழைக்குத் தூரினின்று துளிர்க்கும். வெள்வேல மரம் நிழல் தரும்; புல் அற்ற கோடையில் நெற்றை உதிர்த்து ஆட்டுக்கு உணவளிக்கும். முட்கிளுவையோ போத்து நட்டால் வேரூன்றி, சில ஆண்டுகளில் ஆடும் மாடும் நுழையாத அடர்ந்த உயிர்வேலியாகும். நீர் பாய்ச்ச வேண்டுவதில்லை; கம்பி வாங்கப் பணம் வேண்டுவதில்லை. 1889-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய வேளாண்மையை ஆராய இங்கிலாந்தினின்று அனுப்பப்பெற்ற இரசாயன நிபுணர் வோயல்க்கர், 1893-ல் வெளிவந்த தம் அறிக்கையில் கோயமுத்தூர்ச் சீமையின் கிளுவை வேலிகளையும் குறித்துள்ளார்.

வேலி எதற்கு? அயலார் ஆடு உட்புகாமற் காத்தற்கு என்று பலரும் விடை கூறுவர். அது பாதி உண்மையே. நம் ஆடு நம் காட்டிலேயே வேளையல்லா வேளையில் புகாமற் காத்தற்கும் வேலி வேண்டும். எம் பாட்டனார் காலத்து நடைமுறையைச் சொன்னால் இது விளங்கும்.

பாட்டனாருக்கு நான்கு கொறங்காடுகள் இருந்தன. மேட்டுக்காடு, பள்ளக்காடு, கிணற்றுக்காடு, கோயிற்காடு என்பன அவற்றின் பெயர்கள். ஒவ்வொன்றும் 5 ஏக்கர். ஆக 20 ஏக்கர். நாற்பது செம்மறியும் ஒரு சோடி மாடும் இருந்தன. நாற்பது ஆடும் எக்காலத்தும் ஒரே காட்டில்தான் நிற்கும். ஏனைய மூன்று காடுகளின் படலும் கட்டப்பட்டிருக்கும். மாடு முதலில் மேய்ந்து நெடும்புல்லைக் குறைத்த பின்னரே ஆடு உள்ளே செல்லும். அக்காட்டிற் புல் குறைந்தவுடன் மந்தை அடுத்த காட்டுக்கு மாறும். நான்கும் சுற்றி முதற்காட்டுக்கு மீளும்போது அங்கே புல் முழங்காலளவு நிற்கும். சிறுவனாகிய நான் ஒருநாள், "அப்பாரு, இந்தக் காட்டுலதான் இன்னும் புல்லு இருக்குதே, ஏன் ஆட்டை மாத்தறீங்க?" என்று வினவினேன். "இருக்கறதெல்லாம் ஆட்டுக்கில்லடா, மீதி காட்டுக்கு" என்று அவர் விடையிறுத்தார். அவ்விடையின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

அதன் பொருளைச் சாத்திரம் கொண்டு விளக்குவேன். ஆடு ஒருமுறை கடித்த புல், எஞ்சிய இலையின் உதவியாலும், வேரிலும் அடித்தூரிலும் சேமித்து வைத்த சத்தாலும் புதுத் துளிர் விடுகிறது. துளிர் வளர்ந்து வெயிலை உண்டு, செலவழிந்த சத்தை மீண்டும் வேருக்கு ஈட்டிக்கொடுக்கச் சில வாரங்கள் செல்லும். அதற்கு முன்னரே இரண்டாம் கடி விழுமாயின், புல் கடன்மேற் கடன்பட்ட குடியானவனைப் போல் ஆகின்றது. மூன்றாம் கடியில் வேர் சுருங்கும். நான்காம் கடியில் தூர் மடியும். செம்மறியோ பிளந்த மேலுதட்டால் தரையோடு ஒட்டக் கடிக்க வல்லது. அன்றியும் நேற்று விட்ட இளந்துளிரையே இன்று தேடித் தின்னும் இயல்பினது. ஆதலின் அதனை ஒரே காட்டில் நெடுநாள் விட்டுவைத்தால், எதிரில் முற்றிய புல் நிற்கவும் இளந்துளிரையே திரும்பத் திரும்பக் கடித்து, நற்புல்லை முதலில் அழித்துவிடும். எஞ்சுவது களையே.

இவ்வுண்மையை மேனாட்டாரும் தம் வழியிற் கண்டறிந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்து தேசத்து ஜேம்ஸ் ஆண்டர்சன் (1739–1808), மேய்ச்சல் நிலத்தைப் பதினைந்து இருபது பிரிவுகளாக வகுத்துக் கால்நடையை ஒவ்வொன்றாய் மாற்றிவர வேண்டும் என்று எழுதினார். பின்னர்ப் பிரான்சு தேசத்தில், நார்மண்டிப் பகுதியில் தியேப் நகரத்தருகே பண்ணை வைத்திருந்த ஆந்திரே வுவாசேன் (1903–1964) என்பார், பசுக்கள் மேய்வதைப் பல்லாண்டு உடனிருந்து நோக்கி, 1957-ஆம் ஆண்டில் புல்லின் விளைதிறனைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் வகுத்த விதிகளுள் தலையாயவை இரண்டு. ஒருமுறை மேய்ந்த புல் முழு வலிமை பெறும்வரை மீண்டும் மேயப்படலாகாது என்பது ஒன்று. ஒரு பிரிவில் கால்நடை தங்கும் நாள், அங்கே கடித்த புல் மறுபடி துளிர்த்துக் கடிவாய்க்கு எட்டுவதற்கு முன் முடிதல் வேண்டும் என்பது மற்றொன்று. நிலம் மிகுதியாக மேயப்படுவது ஆட்டின் தொகையால் அன்று, நாளின் தொகையால் என்பதே இவ்விதிகளின் சாரம்.

அவர் மற்றொன்றும் வற்புறுத்தினார். ஓய்வு நாளுக்கு ஒரே கணக்கு இல்லை. நார்மண்டியில் புல் விரைந்து வளரும் மே, ஜூன் மாதங்களில் 18 நாள் ஓய்வு போதும். வளர்ச்சி தளரும் ஆகஸ்டு, செப்டம்பரில் 36 நாள் வேண்டும் என்றார். நம் நாட்டிலோ மழையற்ற மாதங்களில் நாளை எண்ணுவதாற் பயனில்லை. நூறு நாள் ஓய்வு கொடுப்பினும் ஈரமில்லாத மண்ணிற் புல் வளராது. ஆதலின் நாட்காட்டியை நோக்காது புல்லையே நோக்கிப் படலைத் திறந்த எம் பாட்டனார் செயலும், அப்பிரெஞ்சுப் பண்ணையாளர் கொள்கையும் ஒன்றேயாம்.

இங்கிலாந்தின் நார்போக் பகுதியிலும் இதனோடு தொடர்புடைய முறை ஒன்று வழங்கிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, குளோவர் என்னும் தீவனப் பயிர் ஆகிய நான்கையும் முறைமாற்றிப் பயிரிட்டனர். கிழங்குக் கொல்லையில் மரப்படல்களால் அடைப்பு அமைத்து ஆட்டை விட்டு, தின்று முடிந்தவுடன் படலைப் பெயர்த்து அடுத்த இடத்தில் நாட்டினர். ஆடு தின்ற இடத்திலேயே எருவும் விழுந்தமையால் மெலிந்த மணற்பாங்கும் நல்ல தானியம் தந்தது. ஆட்டுக்குப் பொற்குளம்பு என்று அந்நாட்டு உழவர் பெயரிட்டு வழங்கினர்.

நம் நாட்டுக் கிடையும் இவ்வுண்மையை அறிந்ததே. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளினின்று கீதாரிகள் தம் மந்தைகளை ஓட்டிக்கொண்டு, அறுவடை முடிந்த தஞ்சை வயல்களுக்குச் செல்லுதலும், பகலில் தாளையும் புல்லையும் மேய்த்து, இரவில் வயலிற் கிடை அமர்த்தி, மறுநாள் கிடையை இடம் மாற்றுதலும் இன்றும் காணக்கூடியனவே. கொங்கு நாட்டிலும் பட்டி போடுதல் என்று இது வழங்கும். ஆட்டு எரு அவ்வாண்டே பயன் தரும், மாட்டு எரு மறு ஆண்டு தரும் என்பது குடியானவர் துணிபு. ஆடு கழிக்கும் நைட்ரஜன் சத்தில் ஏறக்குறையப் பாதி சிறுநீரில் உள்ளது. புழுக்கையை மட்டும் வாரிக்கொண்டுபோய்க் கொட்டினால் அப்பாதி பட்டியடியிலேயே வீணாகும். கிடை அமர்த்தினால் முழுதும் வயலுக்கே சேரும்.

காடு மாற்றி மேய்ப்பதால் ஆட்டின் உடல்நலத்திற்கும் நன்மை உண்டு. செம்மறியின் நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தம் உறிஞ்சும் புழுவொன்று உண்டு. மழைக்காலத்தில் தாடையின்கீழ் நீர் கோத்து, கண்ணின் உட்புறம் வெளுத்து ஆடுகள் சாவது பெரும்பாலும் இப்புழுவாலேயாம். இதன் முட்டை புழுக்கையுடன் வெளிப்பட்டு, ஈரமும் வெப்பமும் கூடிய காலத்தில் ஒரு வாரத்திற்குள் குஞ்சாகிப் புல்லின்மேல் ஏறி, மேயும் ஆட்டின் வயிற்றிற் புகும். ஒரே காட்டில் நிற்கும் மந்தை தான் கழித்த புழுவைத் தானே உண்கின்றது. குஞ்சு புல்லேறுமுன் மந்தை அகன்று, பல வாரங்கள் கழித்து மீளுமாயின், இடையில் ஆட்டின் வயிற்றை அடையாத குஞ்சுகளுட் பெரும்பாலன வெயிலில் மடியும். மருந்தை அறவே நீக்கலாம் என்று கூறேன். மருந்தின் தேவை குறையும் என்பது திண்ணம்.

இனி, இத்துணை நல்ல முறை கெட்டது யாங்ஙனம் என்பதை நோக்குவோம். 1955-ல் முடிந்த பவானிசாகர் அணையாலும், அதன்பின் வந்த பரம்பிக்குளம் - ஆழியாற்றுத் திட்டத்தாலும் வாய்க்கால் நீர் எட்டிய காடுகள் தோட்டங்களாயின. அதனைக் குறை கூறுதற்கில்லை. நீர் வந்த நிலத்தைப் புல்லுக்கு விடுவார் யார்? ஆழ்துளைக் கிணறு தோண்டியவர் சிலர் வேலியை அழித்தனர். வேறு சில காடுகள் வீட்டுமனைகளாயின. வேலி சிதைந்து கவனிப்பாரற்ற காடுகளிற் சீமைக்கருவேலம் புகுந்தது. இவையெல்லாம் யாவரும் அறிந்த காரணங்கள். யாவரும் பேசாத காரணம் ஒன்று உண்டு, அது பாகப்பிரிவினை.

எம் குடும்பத்தையே சான்றாகக் கூறுகின்றேன். பாட்டனார் காலஞ்சென்றபின் அவர் மக்கள் நால்வரும் மனக்கசப்பின்றிப் பாகம் பிரித்துக்கொண்டனர். ஆளுக்கு ஒரு காடு. ஆளுக்குப் பத்து ஆடு. நீதியான பிரிவினை என்று ஊரார் மெச்சினர். மொத்த நிலம் முன்போல் 20 ஏக்கரே. மொத்த ஆடும் முன்போல் நாற்பதே. நிலமும் குறையவில்லை, ஆடும் கூடவில்லை. ஆயினும் பத்து ஆண்டுகளுக்குள் நான்கு காடுகளும் சொட்டை விழுந்து, கொழுக்கட்டைப்புல் இருந்த இடத்தில் களையும் சரளையுமே எஞ்சின. என்ன நேர்ந்தது? முன்னர் நாற்பது ஆடு ஒரு காட்டிற் சில நாள் நின்று, அக்காட்டுக்குப் பல நாள் ஓய்வு கொடுத்தது. பின்னர்ப் பத்துப் பத்து ஆடாக ஒவ்வொரு காட்டிலும் ஆண்டு முழுதும் நின்றன. ஒரே காடு உடையவன் மந்தையை எங்கே மாற்றுவான்? நிலத்தைப் பங்கிட்டோம், ஆட்டைப் பங்கிட்டோம். புல்லின் ஓய்வை மட்டும் எவர் பங்கிலும் வைக்க மறந்தோம். எம் தந்தையாரும் சிற்றப்பன்மாரும் ஆட்டின்மேற் குற்றம் கூறி ஒவ்வொருவராய் விற்றனர். ஆடு அன்று குற்றவாளி.

இப்போது கோயிற்காடு வீட்டுமனையாகிவிட்டது. பள்ளக்காடு குத்தகையில் உள்ளது. மேட்டுக்காடு எம்மிடத்தும், கிணற்றுக்காடு எம் சிற்றப்பா மகனிடத்தும் எஞ்சியுள்ளன. இவ்விரண்டையும் ஒன்றாக விற்றுவிடலாம் என்று தம்பி கூறியபோது, விற்குமுன் ஒரு சோதனை செய்வோம் என்று அவனை வேண்டினேன். இருவர் ஆடுகளையும் சேர்த்து இருபது உருப்படியாக ஒரே மந்தை ஆக்கினோம். கிடைக்காரர் பயன்படுத்தும் நைலான் வலையை வாங்கி, ஒவ்வொரு காட்டையும் மூன்றாகத் தடுத்தோம். ஆக ஆறு பிரிவுகள். மழைக்காலத்தில் ஒவ்வொன்றிலும் ஆறு நாள். ஒரு சுற்று முடிய 36 நாள். ஒவ்வொரு பிரிவுக்கும் 30 நாள் ஓய்வு. பாட்டனார் காலத்தில் நான்கே பிரிவு இருந்தமையால் மந்தை ஒரு காட்டிற் சற்று நீடித்தே நின்றது. வலையின் உதவியால் அக்குறையையும் ஒருவாறு நீக்கினோம் என்று கூறலாம்.

யார் ஆடு எவர் காட்டில் மிகுதியாக மேய்ந்தது என்னும் வழக்கு வாராதிருத்தற்கு ஒரு குறிப்பேடு வைத்தோம். ஓர் ஆடு ஒரு நாள் மேய்ந்தால் ஒரு புள்ளி. ஆண்டு முடிவில் புள்ளியை எண்ணிக் குறைவு நிறைவைப் பணமாகத் தீர்த்துக்கொண்டோம். முதலாண்டில் தீர்த்த தொகை ஒரு வேளைக் காப்பிச் செலவுக்கும் போதாது. அதற்கோ இத்தனை ஆண்டுகள் அஞ்சினோம் என்று இருவரும் நகைத்தோம்.

இரண்டு பருவமழைகள் சென்றன. காடு பாட்டனார் காலத்து நிலைக்கு மீண்டது என்று பொய் கூறேன். சொட்டைகள் இன்னும் உள்ளன. ஆனால் வேலியோரத்தும் வெள்வேல மரத்தடியிலும் ஒதுங்கியிருந்த கொழுக்கட்டைப்புல் நடுக்காட்டுக்கு இறங்கி வருகின்றது. மழைநீர் முன்போற் செந்நிறமாய்ப் பாய்ந்தோடாது, தூர்களிடையே தங்கி இறங்குகின்றது. சென்ற ஆண்டு புழுவினால் இறந்த ஆடு ஒன்றே. விற்பனைப் பேச்சைத் தம்பி இப்போது எடுப்பதில்லை.

ஓர் இடையூற்றையும் மறைக்கலாகாது. 2024, 2025 ஆண்டுகளில் காங்கயம், வெள்ளகோவில் பக்கங்களிற் பட்டிகளில் நாய்கள் புகுந்து ஆடுகளைக் கொன்ற துயரம் அன்பர்கள் அறிந்ததே. இரவில் ஆளில்லாமலே வேலிக்குள் ஆடு நிற்பது நம் பழைய வழக்கம். வேலி செவ்வையாயிருந்த காலத்தில் அதற்கு இடமிருந்தது. அடி திறந்த வேலியோ நாய்க்கு வாயில். ஆதலின் கிளுவைப் போத்து நட்டு இடைவெளிகளை அடைப்பது புல்லுக்காக மட்டுமன்று, ஆட்டின் உயிருக்காகவும் இன்றியமையாதது.

மண்ணை மீட்கும் வேளாண்மை என்று இந்நாளில் மேனாட்டில் பலவாறு பேசுகின்றனர். சிறு பண்ணைகளில் ஆட்டை நாள்தோறும் மாற்றி மேய்த்து, புல்லையும் மண்ணையும் ஒருங்கே வளர்க்கின்றனர். நாம் அதனை அயல்நாட்டினின்று இறக்குமதி செய்ய வேண்டுவதில்லை. படலைக் கட்டவும் திறக்கவும் அறிந்த கை நம் குடும்பங்களில் இன்னும் இருக்கின்றது. அக்கை ஓய்வதற்குள் இளைஞர் அருகிருந்து கற்றல் வேண்டும்.

முடிவாக நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது கிணற்றுக்கும் வண்டித்தடத்திற்கும் பொது உரிமை எழுதுகின்றோம். இன்னாருக்கு இத்தனை நாள் நீர் என்று முறை வைக்கின்றோம். அவ்வாறே கொறங்காடு உடையோர் மேய்ச்சலுக்கும் முறை எழுதிக்கொள்ளலாகாதா? நிலம் அவரவர் பெயரில் இருக்கட்டும். ஆடும் அவரவருடையதாகவே இருக்கட்டும். மந்தை மட்டும் ஒன்றாகச் சுற்றட்டும். முன்னரே பிரிந்துபோன பங்காளிகளும், வேலியொட்டிய அயலாரும், இரண்டு மூன்று பேராகக் கூடி இதனைச் செய்யலாம். அதற்கு வேண்டுவன வலையும், குறிப்பேடும், ஒருவரையொருவர் நம்பும் மனமுமே. வலையும் ஏடும் கடையிற் கிடைக்கும். மூன்றாவதைத் தேடித்தருவது நம் போன்ற சங்கங்களின் கடமை அன்றோ?